கூட இருப்பது அக்கா

எனக்கு அக்கா கிடையாது. அண்ணன், தம்பி, தங்கை யாரும் கிடையாது. ஒற்றைப் பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் என் அக்கா நிறையப் பேசுவாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிற அறையில் குடியிருக்கிறேன். கீழே துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும்போது என் அறையின் தரை சூடாகும். குளிர்காலத்தில் அது வசதி, வெயில்காலத்தில் தண்டனை.

லிஃப்ட் வேலையை ஒருவன் தனியாகச் செய்யக் கூடாது. இருவர் வேண்டும். ஒருவன் கூண்டின் தலைமேல் ஏறி நிற்பான். இன்னொருவன் கீழே குழிக்குள் இறங்குவான். கீழே இருப்பவன் கூப்பிட்டால் மேலே இருப்பவன் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நிறுத்திட்டியா?" என்றால் "நிறுத்திட்டேன்" என்று பதில் வர வேண்டும். பதில் வராமல் எதிலும் கை வைக்கக் கூடாது. என் கூட்டாளிக்குப் பல்லி என்று பெயர் வைத்திருந்தோம். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு நிற்பான். அவன் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வேலையில் திருப்பிச் சொல்வதைத் தவிர நான் வேறு எதுவும் பேசுவதில்லை என்பது அவன் புகார்.

ரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்று நானே முடிவு கட்டி, களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மலக்குடலின் அடியில், ஆசன வாய்க்கு மிகப் பக்கத்தில் கட்டி. அறுவை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"இவ்வளவு கீழ இருந்தா, எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடுக்கணும். வயித்துல ஒரு வழி வெச்சுப் பை மாட்டிடுவோம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவுமே."

எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது இடுப்பு பெல்ட். கூண்டின் மேல் நிற்பவன் உயிரைத் தாங்கும் பெல்ட் அது. அடிவயிற்றில்தான் இறுக்கிக் கட்ட வேண்டும். பை இருந்தால் பெல்ட் இல்லை. பெல்ட் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க எனக்கு அனுமதியும் இல்லை. திரும்பிப் போவதற்கு அங்கேயும் யாரும் இல்லை.

கட்டியின் துணுக்கைச் சோதித்த முடிவு வந்தபோது வேறு ஒரு மருத்துவர் கூப்பிட்டார். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற அம்மா.

"உங்க கட்டி கொஞ்சம் அபூர்வமான வகை. செல்லுக்குள்ள தப்பு நடந்தா சரி பண்றதுக்குன்னு ஒரு ரிப்பேர் வேலை நடக்கும். உங்க கட்டியில அது நடக்கல."

"ரிப்பேர்காரன் உடம்புக்குள்ளேயே ரிப்பேர்காரன் லீவா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா. ஆனா உங்களுக்கு அது ஒருவகையில அதிர்ஷ்டம். இந்த வகைக்கு இம்யூனோதெரபி நல்லா கேக்குது. உங்க உடம்புல ஏற்கனவே காவல்காரங்க இருக்காங்க. கட்டி அவங்க கண்ணைக் கட்டி வெச்சிருக்கு. நாங்க குடுக்கிற மருந்து நேரா கட்டியை அடிக்காது, கண்கட்டை அவிழ்த்துவிடும். அப்புறம் அவங்க பாத்துப்பாங்க. சில பேருக்குக் கட்டி மொத்தமா கரைஞ்சு, கத்தியே வைக்காம விட்டிருக்கோம்."

"எனக்கும் அப்படி ஆகுமா?"

"ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னொண்ணு. கண்கட்டு அவிழ்ந்த காவல்காரன் சில சமயம் வீட்டுக்காரனையே போட்டு அடிப்பான். தோலை, நுரையீரலை, குடலை. பேதி போனா, மூச்சு வாங்கினா உடனே எங்களைக் கூப்பிடணும். நீங்களா மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. கேக்குதா?"

"கேக்குது," என்றேன். வேலைப் பழக்கம், திருப்பிச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டேனா என்பது வேறு விஷயம்.

மருந்தேற்றும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அங்கே இருந்த நர்ஸம்மாவுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். எனக்கு முன்னால் இருந்த ஆளிடம் "கூட யாரு இருக்கா?" என்று கேட்டார். அந்த ஆள் "யாருமில்ல, தனியாத்தான் இருக்கேன்" என்றார். "அப்போ ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, பேசிட்டு ஆரம்பிக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தது நான்.

"கூட யாரு இருக்கா?"

"அக்கா."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. நம்பர் கேட்டார். என்னிடம் இரண்டு போன் உண்டு, ஒன்று கம்பெனி கொடுத்தது. நோயாளியின் நம்பர் என்று அதைக் கொடுத்திருந்தேன். இன்னொன்று என் சொந்த போன். யாரும் கூப்பிடாமல் தலையணைக்குப் பக்கத்தில் கிடப்பது. அந்த நம்பரை அக்காவுக்குக் கொடுத்தேன்.

மருந்து ஏற அரைமணி நேரம் ஆனது. வீட்டுக்கு வந்து படுத்தபோது தலையணைக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்தது. நர்ஸம்மா மெசேஜ்.

'வணக்கம். தம்பிக்கு இன்னைக்கு முதல் டோஸ் போட்டிருக்கு. காய்ச்சல், பேதி, அரிப்பு எது வந்தாலும் எனக்குச் சொல்லுங்க.'

பதில் போடாமல் இருந்தால் சந்தேகம் வரும். அக்காவாக உட்கார்ந்து எழுதினேன்.

'சரிம்மா. இவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது. கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. நான் கவனிச்சுக்கறேன்.'

'அக்கா, நீங்க இருக்கிறது நிம்மதியா இருக்கு' என்று பதில் வந்தது.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. நடுவில் அக்காவுக்கு மெசேஜ்கள். தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று நர்ஸம்மா கேட்பார். அக்கா, 'தட்டுல போட்டுக் குடுத்தா சாப்பிடுவான், தானா எடுத்துப் போட்டுக்கிற புத்தி ஆண்டவன் குடுக்கல' என்று எழுதுவாள். எழுதிய பிறகு எனக்கு வெட்கமாக இருக்கும். எழுந்து போய்த் தட்டு எடுத்துச் சாப்பிடுவேன். 'தண்ணியைக் காய்ச்சித்தான் குடுக்கறேன்' என்று அக்கா சொல்லிவிட்டால், காய்ச்சாமல் இருக்க முடிவதில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படித்தான் அவளை நான் நினைத்துக்கொண்டேன்.

தோலில் அரிப்பு வந்தபோது அக்கா உடனே சொன்னாள். களிம்பு கொடுத்தார்கள். பல்லியிடம் "அலர்ஜி, அதுக்குத்தான் ஆஸ்பத்திரி போறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் நர்ஸம்மா என்னைப் பற்றி மட்டும் எழுதுவதை விட்டுவிட்டார்.

'அக்கா, என் பொண்ணு படிக்க வெளியூர் போனதிலேர்ந்து போனே பண்றதில்ல. நான் பண்ணாலும் ம், சரிம்மா, வெக்கட்டுமா. அவ்வளவுதான்.'

எனக்கு மகளும் கிடையாது. ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

'நீ கூப்பிட்டு சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேக்காதே. ஏதாவது சண்டை போடு. சண்டை போட்டாத்தான் பதில் சொல்றதுக்காவது திரும்பக் கூப்பிடும்.'

இரண்டு நாள் கழித்து, 'அக்கா! அவளோட பச்சை சுவெட்டரை யாருக்கோ குடுத்துட்டேன்னு சொன்னேன். ஒருமணி நேரம் திட்டினா!' என்று வந்தது. அன்று நான் அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். கீழே சலவைக் கடையில் யாருக்காவது கேட்டிருக்கும்.

கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். ரத்தம் நின்றுவிட்டது. அன்றுதான் நர்ஸம்மா அக்காவுக்குப் புதிதாக ஒன்று எழுதினார். இந்த வகைப் புற்றுநோய் சில குடும்பங்களில் ரத்தத்திலேயே வருமாம். தம்பிக்கு இருந்தால் அக்காவுக்கும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

'எனக்கென்னம்மா, நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்' என்று அக்கா எழுதினாள்.

'எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. நான் உங்களை விடப் போறதில்ல அக்கா.'

விடவும் இல்லை. வாரம் ஒருமுறை கேட்டார். அக்கா முழங்கால் வலி என்றாள், வேலை என்றாள், அடுத்த மாதம் என்றாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அக்கா ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்த வார்த்தையைத் தட்டச்சு செய்து பார்த்தேன். அனுப்ப மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வயிறு கலங்க ஆரம்பித்தது. முதல் நாள் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாள் கூடிக்கொண்டே போனது. காவல்காரன் வீட்டுக்காரனை அடிக்க ஆரம்பித்துவிட்டான் என்பது புரியாமல் இல்லை. ஆனால் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பாதிக் கட்டி அப்படியே நிற்கும். மறுபடி கத்தி, பை, பெல்ட் இல்லை. மருந்துக்கடையில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடைக்கும், பிறகு உடைத்துக்கொண்டு வரும். நர்ஸம்மா அடுத்த டோஸுக்கு முன்னால் நேரில் கேட்டபோது, "வயிறெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். மருந்து ஏறியது.

அக்காவையும் ஊமையாக்கி வைத்திருந்தேன். 'தம்பி எப்படி இருக்காரு?' என்ற மெசேஜுக்குப் பதில் போடாமல் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

அந்த வாரம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. நான் கூண்டின் மேல், பல்லி குழிக்குள். வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி வந்தது. அதற்குப் பிறகு எதையும் யோசிக்க நேரமில்லை. பெல்ட்டை அவிழ்த்து, பக்கத்து மாடியின் கதவு வழியாகக் குதித்து ஓடினேன். கூண்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கவில்லை. "போறேன்" என்று ஒரு வார்த்தை கீழே சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பல்லி குழியை விட்டு மேலே ஏறி வந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எங்கடா போன?"

"வயிறு சரியில்ல."

"கூப்பிடறேன், கூப்பிடறேன், தொண்டை கிழியக் கத்தறேன், பதிலே இல்ல! மேல ஆள் இருக்கானா, செத்துட்டானா, கூண்டு இப்போ தலையில இறங்குமா, எனக்கு என்னடா தெரியும்? மூலையில எலி மாதிரி ஒண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்!"

"தெரியாம ஆயிடுச்சு."

"உனக்கு என்னமோ இருக்கு. மாசக் கணக்கா பாக்கறேன். இளைச்சுத் துரும்பா போயிட்ட. கேட்டா அலர்ஜி. அலர்ஜியில எவன்டா இப்படி இளைப்பான்?"

"ஒண்ணுமில்லடா."

"சரி, ஒண்ணுமில்ல. ஆனா இனி உன்னை மேல விட்டுட்டு நான் குழில இறங்க மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு. ஆபீஸ்ல சொல்லி வேற ஆளைக் கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு வண்டியில் சாமான் ஏற்றப் போய்விட்டான். எனக்கு மறுபடி ஓட வேண்டியிருந்தது. அடித்தளத்துக் கழிப்பறையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ரத்தமும் இருந்தது. சட்டைப் பையில் சொந்த போன் அதிர்ந்தது.

'அக்கா, நீங்க பதில் போடலேன்னு கவலையா இருக்கு. உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?'

நானாக இருந்தால் இப்போதும் 'ஒண்ணுமில்ல' என்றுதான் எழுதியிருப்பேன். என் விரல் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் அவர் கேட்டது என்னை இல்லை. அக்காவை.

'எனக்கு ஒண்ணுமில்லம்மா. இவன் உன்கிட்ட பொய் சொல்லிட்டான். பத்து நாளுக்கு மேல பேதி. மாத்திரை போட்டு அடைச்சு வெச்சிருக்கான். இன்னைக்கு ரத்தம். மருந்தை நிறுத்திடுவீங்கன்னு பயம். எனக்கு இவனைப் பாத்தா பயமா இருக்கு.'

அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடமே அந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, அவர் இப்போ எங்க? வாந்தி இருக்கா? வயிறு கல்லு மாதிரி இருக்கா, தொட்டுப் பாருங்க. அக்கா? கேக்குதா?"

"கேக்குது."

"சார், நீங்களா? அக்காகிட்ட போனைக் குடுங்க."

"அக்கா இல்ல."

"வெளிய போயிட்டாங்களா? இப்பத்தானே மெசேஜ் போட்டாங்க?"

"அக்காவே இல்ல, நர்ஸம்மா. எனக்கு அக்கா கிடையாது. இந்த நம்பரும் என்னோடதுதான். எல்லாம் நான் எழுதினதுதான்."

அந்தப் பக்கம் மருந்தேற்றும் இயந்திரம் ஒன்று பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட அவர் போகவில்லை.

"எல்லாமா?" என்றார்.

"எல்லாம்."

பிறகு குரல் மாறிவிட்டது. "காலையிலேர்ந்து எத்தனை தடவை போனீங்க?" சொன்னேன். "இப்பவே வரணும். தனியா பஸ்ல ஏறாதீங்க, வழியில மயக்கம் போட்டு விழுந்தா யாருக்கும் தெரியாது. யாரையாவது கூட்டிட்டு வாங்க." நிறுத்தி, "நிஜமான ஆளா பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே பல்லி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பல்லி, என்னை ஆஸ்பத்திரியில விட முடியுமா?"

"எதுக்கு? அலர்ஜிக்கா?"

"கேன்சர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

சுருட்டிய கேபிளை அப்படியே கீழே போட்டான். முன்சீட்டில் இருந்த கருவிப்பெட்டியைத் தூக்கிப் பின்னால் எறிந்தான். "ஏறு."

வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது, "அலர்ஜின்னு சொன்னியேடா" என்றான்.

"அதுவும் இருந்துச்சு."

"த்தூ! நான் வீட்ல ஒரு சிகரெட்டை மறைக்கப் படாத பாடு படறேன். நீ முழு கேன்சரை மறைச்சிருக்க." கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டியை எடுத்தான். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருப்பேன்."

"வலிக்குது," என்றேன்.

உடனே படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு கையில் சலைன் ஏறியது, இன்னொரு கையில் ஸ்டீராய்டு. காவல்காரர்களை அடக்கி உட்கார வைக்கிற மருந்து. மருந்து அம்மா வந்து என் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குடல்ல ஓட்டை விழுந்திருக்கும். மாத்திரை போடாதீங்கன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. மருந்தை நிறுத்திடுவீங்களா?"

"நிறுத்தியாச்சு. இனி உங்களுக்கு இதைக் குடுக்க முடியும்னு தோணல."

நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதற்குப் பயந்து எல்லாம் செய்தேனோ அது நடந்துவிட்டது.

"இந்தப் பக்கம் பாருங்க. நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா நாங்க குடுக்கிற மாத்திரையிலேயே சரி பண்ணியிருக்கலாம், கொஞ்சம் பொறுத்து மருந்தையும் திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம். அது போகட்டும். ஒருதடவை கண்கட்டு அவிழ்ந்தா, மருந்து நின்ன பிறகும் காவல்காரங்க வேலை பாக்கறது உண்டு. பொறுத்துப் பாப்போம்."

நர்ஸம்மா ஒரே ஒரு தடவை வார்டுக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் பொண்ணு விஷயத்தை நான் யார்கிட்ட சொன்னேன்?"

நான் போர்வை நுனியை இழுத்துச் சரி செய்தேன்.

"ரத்தப் பரிசோதனைக்கு நானே போய்ப் பேசி உங்க அக்காவுக்கு இடம் பிடிச்சேன். அவங்க வரமாட்டேங்கிறாங்களே, உள்ள ஏதாவது வளர்ந்துக்கிட்டு இருக்குமோன்னு என் வீட்டுக்காரர்கிட்ட புலம்பினேன். இல்லாத மனுஷிக்கு."

"தப்புதான், நர்ஸம்மா."

"தப்புதான்," என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து என் விவரங்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஒரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். தொடர்புக்கான ஆளாகப் பல்லி தன் நம்பரைக் கொடுத்துவிட்டான். அவனுக்கு மெசேஜ் வந்தால் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவான். அதோடு சரி.

வீட்டுக்கு வந்தேன். வயிறு மெல்ல அடங்கியது. சாப்பாட்டு நேரம் வந்தால் போகும், யாரும் எதுவும் சொல்வதில்லை. அக்கா இருந்தால் இப்போது என்ன திட்டுவாள் என்று யோசித்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் போனைக் கையில் எடுத்தால் போதும், அவள் குரல் ஓடி வரும். இப்போது படிக்க அந்தப் பக்கம் யாரும் இல்லாததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்டீராய்டு எல்லாம் குறைத்து நிறுத்திய பிறகு மறுபடி கேமராக் குழாய் விட்டார்கள். சோதனை முடிவு வந்த அன்று அறுவை மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. பூசி அடைத்த சுவர் மாதிரி இருந்தது.

"துணுக்கு எடுத்துப் பாத்தாச்சு. கேன்சர் செல் எதுவும் தெரியல. இப்போதைக்குக் கத்தி வேண்டாம். ஆனா விடாம பாத்துக்கிட்டே இருக்கணும். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்."

"பை வேண்டாம்?"

"வேண்டாம்."

"பெல்ட் கட்டலாமா?"

"என்ன பெல்ட்?" என்றார். சொன்னேன். "தாராளமா கட்டுங்க," என்றார்.

வெளியே வந்து பல்லிக்கு போன் செய்தேன். "பை வேண்டாமாம்டா" என்றேன். "பல்லி அன்னைக்கே சொல்லுச்சே!" என்று கத்தினான். அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. குழிக்குள் இருப்பவன் அதற்கு மேல் பேசக் கூடாது.

கால் தானாக மருந்தேற்றும் அறைக்குப் போயிற்று. நர்ஸம்மா ஒரு பாட்டியின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை வாசலில் நின்றேன்.

"உங்களுக்கு இந்த ரூம்ல இனி வேலை இல்லையே, சார்."

"தெரியும். கட்டி போயிடுச்சு. தழும்புதான் இருக்குன்னாங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அதை அடக்கிக்கொண்டார். "நல்லது. சந்தோஷம்."

"பொண்ணு போன் பண்றாங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தனியா இருக்கேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன சார்? உங்களுக்கு முன்னாடி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினது விரட்டறதுக்கு இல்ல. மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாரு, மருந்து ஏத்தினோம்."

"சொல்லியிருந்தா நீங்க எனக்கு மெசேஜ் போட்டிருப்பீங்களா? அக்காவுக்குப் போட்ட மாதிரி?"

யோசித்துத்தான் சொன்னார். "இல்ல. பேதி இருக்கா, காய்ச்சல் இருக்கான்னு மட்டும் கேட்டிருப்பேன்."

பொய் சொல்லாததற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். போகத் திரும்பினேன்.

"சார்." கூப்பிட்டார். "தழும்புதான்னு கேட்டா உங்க அக்கா என்ன சொல்லியிருப்பாங்க?"

நின்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

"தெரியல, நர்ஸம்மா."

"எனக்குத் தெரியும்," என்றார்.

அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். உள்ளே ஒரு இயந்திரம் பீப் அடித்தது. புதுக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.